தையல் நூலும் மானிப்பாய் மருத்துவரும்

சென்ற பருவத்தில் காயப் பராமரிப்புப் பாடத்துக்காக நான் எழுதிய இடுபணி சிவப்பு மையோடு திரும்பி வந்தது. ஆறு பக்கத்தில் ஒரே ஒரு சொல்லைத்தான் விரிவுரையாளர் வட்டமிட்டிருந்தார். அறுவைக்குப் பிறகு தோலுக்கு அடியில் போடும் தையலை ‘அப்ஸார்பெண்ட் சூச்சர்’ என்று எழுதியிருந்தேன். இந்த நூல் இரத்தத்தைக் குடிக்கப் போகிறதா என்று ஓரத்தில் ஒரு கேள்வி மட்டும் இருந்தது.

முதலில் எனக்குப் புரியவில்லை. ‘அப்ஸார்ப்’ என்றால் உறிஞ்சு. அதிலிருந்து வந்த பெயரடைதானே ‘அப்ஸார்பெண்ட்’? அகராதியைத் திறந்த பிறகுதான் ஒரே வினையிலிருந்து ஒரு குடும்பமே பிறந்திருப்பது தெரிந்தது. அப்ஸார்பெண்ட் என்பது தானே உறிஞ்சுவது. காயத்தின் மேல் வைக்கும் பஞ்சு அப்படிப்பட்டது. அப்ஸார்பபிள் என்பது மற்றொன்றால் உறிஞ்சப்படக்கூடியது. உடல் மெல்ல மெல்லத் தனக்குள் எடுத்துக்கொள்ளும் தையல் நூல் அது. அப்ஸார்ப்டிவ் என்பது உறிஞ்சும் வேலைக்கென்றே அமைந்தது, சிறுகுடலின் உட்புறம் போல. அப்ஸார்ப்ட் என்றால் உறிஞ்சப்பட்டு முடிந்தது. நான்கும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான். ஆனால் ஒருவர் சட்டையை இன்னொருவர் போட்டால் அர்த்தம் தலைகீழாகிவிடுகிறது.

தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு, தேசிய இடைநிலைப்பள்ளியில் ஐந்து ஆண்டு, பிறகு ஆங்கிலத்தில் தாதிமைக் கல்வி. என்னைப் போல் வந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரிந்திருக்கும். மலாயில் ‘செராப்’ என்ற ஒரே வேர்ச்சொல்லுக்கு முன்னால் ‘மெ’ வந்தால் செய்வது, ‘டி’ வந்தால் செய்யப்படுவது. வித்தியாசம் சொல்லின் தலையிலேயே தெரியும். ஆங்கிலத்தில் அது வாலில் ஒளிந்திருக்கிறது. இலத்தீனில் இருந்து வந்த வால் என்பதால், கேட்ட மாத்திரத்தில் காதுக்கு எதுவும் சொல்வதில்லை.

விடுமுறைக்கு ஊத்தான் மெலிந்தாங் வந்தபோது இந்தச் சிவப்பு வட்டமும் கூடவே வந்தது. அந்த வாரம் பாட்டிக்குக் குடலிறக்க அறுவை. இளமையில் பால்மரம் வெட்டியவர், பிறகு மரங்கள் அழிந்து செம்பனை வந்தபோது அதிலும் வேலை செய்தவர். பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். வீடு திரும்பிய பின் காயத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஒரு தாளில் தமிழில் எழுதித் தரலாம் என உட்கார்ந்தேன். ஒரு வரிகூட நகரவில்லை. இரண்டு ஆண்டாகப் படித்த பாடம் ஒன்றுக்கும் என்னிடம் தமிழ்ச்சொல் இல்லை. அறுவை மருத்துவத்துக்குத் தமிழில் புத்தகமே இருந்ததில்லையா என்று தேடியபோதுதான் ‘இரணவைத்தியம்’ என்ற தலைப்பு கண்ணில் பட்டது. வெளிவந்த ஆண்டு 1867. தமிழில் அதைக் கொண்டுவந்தவர் ஓர் அமெரிக்கர். பெயர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன்.

யாழ்ப்பாணத்தை வேராகக் கொண்ட குடும்பத்து மாணவர்கள் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கலாம். எனக்குப் புதிது.

கிரீன் 1822 அக்டோபரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில், பிள்ளைகள் நிறைந்த பெரிய குடும்பத்தில் பிறந்தார். அவருக்கு இரண்டு வயது மூத்த அண்ணன் ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிரீன், நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை உருவாக்கியதில் பெரும்பங்கு கொண்டவர். இன்றைய பெருநகர் நியூயார்க் ஒன்றிணைந்ததற்குக் காரணமானவர் என்று அந்நகரம் அவரைக் கொண்டாடுகிறது. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த ஒருவர் 1845இல் நியூயார்க்கில் மருத்துவப் பட்டம் பெற்று, அந்த நகரிலேயே நல்ல வருமானத்தோடு இருந்திருக்கலாம். அவரோ இரண்டே ஆண்டில் கப்பல் ஏறிவிட்டார். 1847இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 25கூட நிறைந்திருக்கவில்லை, அல்லது அப்போதுதான் நிறைந்திருந்தது.

அவர் வந்தது அமெரிக்க மிஷன் அனுப்பிய சமயப் பணியாளராக. அதை மறைக்கத் தேவையில்லை. மருந்து கொடுப்பதும் மதம் சொல்வதும் அவருக்கு ஒரே வேலையின் இரண்டு கைகள். அந்த மிஷன் 1816 முதல் யாழ்ப்பாணத்தில் இருந்தது. வட்டுக்கோட்டையில் அது நடத்திய உயர்கல்விக்கூடம் ஆங்கிலமும் அறிவியலும் தமிழும் சேர்த்துக் கற்பித்தது. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை அங்கே படித்தவர்தான். ஆக, கிரீன் வந்து இறங்கிய இடம் படிப்பு வாசனை இல்லாத ஊர் அல்ல. அங்கே சித்த மருத்துவர்களும் இருந்தார்கள், ஏடுகளும் இருந்தன. உடலைப் பற்றிப் பேசத் தமிழில் சொற்களும் இருந்தன.

1848இல் மானிப்பாயில் மருத்துவமனையும் அதோடு சேர்ந்த மருத்துவ வகுப்பும் தொடங்கின. இலங்கைத் தீவில் மேலை மருத்துவம் முறையாகக் கற்பிக்கப்பட்ட முதல் இடம் அதுதான். கொழும்பில் மருத்துவப் பள்ளி தோன்றியது 1870இல். அதற்கு 22 ஆண்டு முன்பே, பனங்கூடல்களுக்கு நடுவே ஒரு கிராமத்தில், மாணவர்கள் எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். அந்த வகுப்புகளில் இருந்து 60க்கும் மேற்பட்ட மருத்துவர்கள் வெளிவந்தார்கள்.

தொடக்கத்தில் பாடம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. ஆனால் கிரீன் வந்த நாளிலிருந்தே தமிழைப் பிடித்துக்கொண்டார். 1852இலேயே உடற்கூறும் உடலியங்கியலும் சுகாதாரமும் பற்றிக் கட்டர் என்பவர் எழுதிய பாடநூல் ‘அங்காதிபாத சுகரணவாதம்’ என்று தமிழில் வந்துவிட்டது. 1857இல் ‘பிரசவ வைத்தியம்’ வந்தது. நினைத்துப் பாருங்கள், பேறுகாலத்தில் தாய்மார் இறப்பது சாதாரணமாக இருந்த காலத்தில், பிரசவம் பார்ப்பது பற்றி ஒரு முழுப் பாடநூல் தமிழில். அதன் பிறகு ஊர் திரும்பி, 1862இல் திருமணம் செய்துகொண்டு, மனைவியோடு மறுபடி மானிப்பாய்க்கு வந்தார்.

இரண்டாவது வருகையில்தான் அவர் எடுத்த முடிவு வருகிறது. 1864 முதல் மருத்துவ வகுப்பு முழுவதும் தமிழில் நடக்கும் என்றார். இதற்குப் பின்னால் மொழிப்பற்று மட்டும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆங்கிலத்தில் படித்தவர்கள் படிப்பு முடிந்ததும் அரசாங்க வேலைக்குப் போய்விடுவதை அவர் பார்த்திருந்தார். கிராமத்துக்கு மருத்துவர் வேண்டும் என்று பயிற்சி கொடுத்தால், பயிற்சியே அவர்களைக் கிராமத்தில் இருந்து தூக்கிக்கொண்டு போனது. தமிழில் படித்தவர் தமிழ் பேசும் மக்களிடையே தங்குவார் என்பது அவர் கணக்கு.

இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் வருகிறது. நான் அந்த வகுப்பில் மாணவியாக இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேனா? ஆங்கிலம் அரசாங்க உத்தியோகத்துக்கும் சம்பளத்துக்கும் வாசல். அந்த வாசலைச் சாத்திவிட்டு, உன் ஊருக்கு நீ வேண்டும் என்று சொல்ல, வெளிநாட்டில் ஆங்கிலத்தில் படித்து வந்த ஒருவருக்கு உரிமை உண்டா? தோட்டத்தில் இருந்து வெளியேற ஒரே ஏணி படிப்புதான் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். என் அம்மாவிடம் இந்தத் திட்டத்தைச் சொன்னால் கதவைச் சாத்திவிடுவார். ஆனாலும் பாட்டிக்கு ஒரு தாள் எழுத முடியாமல் உட்கார்ந்திருந்த எனக்கு, கிரீன் கண்ட குறை என்னவென்று தெரியாமலும் இல்லை.

முடிவு எடுத்தாகிவிட்டது. இனிப் புத்தகம் வேண்டும். 1867இல் டுரூயிட் எழுதிய அறுவை மருத்துவ நூல் ‘இரணவைத்தியம்’ ஆனது. 1872இல் ‘வைத்தியாகரம்’ வந்தது. அதே ஆண்டு ‘மனுஷ அங்காதிபாதம்’. இது வேறொன்றுமில்லை, இன்றும் மருத்துவ மாணவர்கள் கையில் இருக்கும் கிரேயின் உடற்கூறு நூல்தான்! இலண்டனில் அதன் முதல் பதிப்பு வெளிவந்தது 1858இல். பதினான்கே ஆண்டுகளில் அது தமிழ் பேசியது. இவற்றை கிரீன் தனியாளாகச் செய்யவில்லை. அவரிடம் படித்த யாழ்ப்பாணத்து மாணவர்கள் மொழிபெயர்த்தார்கள், அவர் திருத்தினார்; அவர் எழுதியதை அவர்கள் திருத்தினார்கள். அச்சில் வந்த பக்கங்கள் மொத்தம் 4,000க்கும் மேல்.

கலைச்சொல்லுக்கு அவர் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். முதலில் தமிழில் தேடு. கிடைக்காவிட்டால் சமஸ்கிருதத்தில் பார். அங்கும் இல்லை என்றால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுது. 1875இல் வந்த வேதியியல் நூலின் பெயர் ‘கெமிஸ்தம்’. முதன்முறை படித்தபோது சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தால், கெமிஸ்ட்ரியைப் பிடித்து ஓர் ‘அம்’ போட்டு மரம், பணம், பழம் வரிசையில் உட்கார வைத்திருக்கிறார். இனி அது வேற்றுமை உருபு ஏற்கும். கெமிஸ்தத்தை, கெமிஸ்தத்தில் என்று தமிழ்ச்சொல்லாகவே நடக்கும். ‘சுகரணம்’ போன்ற வடமொழிச் சொற்கள் இன்று நமக்குக் கடினம். அன்றைய படித்தவர்களின் தமிழ் அப்படித்தான் இருந்தது.

பெயர்ச்சொல்லுக்கு இந்த ஒழுங்கு போதும். எலும்புக்கு எலும்பு, நரம்புக்கு நரம்பு. என் சிவப்பு வட்டம் போன்ற சொற்கள் வரும்போதுதான் மொழிபெயர்ப்பவர் நின்றுவிடுவார். கிரீன் காலத்து ஆங்கில மருத்துவ நூல்களில் ‘அப்ஸார்பெண்ட்ஸ்’ என்றால் பஞ்சு கிடையாது. உடலில் நிணநீரை எடுத்துச் செல்லும் குழாய்களுக்கு அந்தப் பெயர் வழங்கியது. பஞ்சு பின்னால் வந்தது. இயற்கையான பருத்தியின் மேல் மெழுகு போன்ற பூச்சு இருப்பதால் அது நீரை எளிதில் ஏற்காது. பூச்சை நீக்கிய உறிஞ்சும் பஞ்சைக் காயக்கட்டுக்குப் பயன்படுத்தும் முறையை 1880இல் பர்மிங்காம் மருத்துவர் கேம்ஜி பரப்பினார். தையல் நூலின் கதையும் அதே காலம்தான். ‘இரணவைத்தியம்’ வந்த அதே 1867இல் ஜோசப் லிஸ்டர் கிருமி நீக்கும் அறுவை முறையைப் பற்றி எழுதினார். அடுத்த ஓரிரு ஆண்டில், ஆட்டுக் குடலில் இருந்து செய்த நூலைக் கார்பாலிக் அமிலத்தில் ஊறவைத்து, அது உடலுக்குள் தானாக மறைவதைக் கன்றுக்குட்டியிடம் சோதித்துக் காட்டினார். ஆக ஒரே வினை, இருபது ஆண்டுக்குள் குழாய்க்கும் நூலுக்கும் பஞ்சுக்கும் அடைமொழியானது. எது உறிஞ்சுகிறது, எது உறிஞ்சப்படுகிறது என்று தெரியாமல் அந்தப் பக்கங்களை யாரும் தமிழாக்க முடியாது.

ஏனென்றால் தமிழில் மழுப்ப வழியில்லை. எஸ்பிஎம் தமிழ் எடுத்தவர்களுக்குப் பெயரெச்சம் நினைவிருக்கும். வினையைப் பெயருக்கு அடையாக்க வேண்டுமானால் நாம் காலம் சொல்லியாக வேண்டும்: உறிஞ்சிய, உறிஞ்சுகின்ற, உறிஞ்சும். மறுத்தால் உறிஞ்சாத. செய்யப்படுவதானால் உறிஞ்சப்படும். தன்வினையா பிறவினையா என்பதையும் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் டிங்கி வந்தால் அது பரவும் நோய். கொசு அதைப் பரப்பும் பூச்சி. ஒரு ‘ப்’ தான் வித்தியாசம். அதை மாற்றி எழுதும் தமிழ்க் குழந்தையைக் காண முடியாது. ஆங்கிலத்தில் ‘இன்ஃபெக்டட்’, ‘இன்ஃபெக்ஷியஸ்’ இரண்டையும் குழப்பும் பட்டதாரிகளைக் கண்டிருக்கிறேன், நான் உட்பட. தொற்றிய நோயாளி எல்லாரும் தொற்றவைக்கும் நோயாளி அல்லர். காசநோய்க் கிருமி உடலில் உறங்கிக் கிடப்பவர் பிறருக்கு அதைத் தருவதில்லை. இரண்டு சொல்லையும் ஒன்றாக நினைக்கும் தாதி அவரைத் தேவையில்லாமல் தனி அறையில் அடைத்துவிடுவாள். அல்லது அதைவிட மோசமாக, உண்மையில் பரப்பும் ஒருவரைப் பொதுக் கூடத்தில் படுக்க வைத்துவிடுவாள்.

காலத்தைச் சொல்ல விருப்பமில்லை என்றால் தமிழில் ஒரே ஒரு சந்து உண்டு. வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு என்று தேர்வுக்குப் படித்தோமே, அது. கடையில் தேநீர்ப் பொட்டலத்தோடு தரும் ஸ்ட்ராவுக்கு ‘உறிஞ்சுகுழல்’ என்று பெயர் வைத்தவர் இந்தச் சந்து வழியாகத்தான் போயிருக்கிறார். நேற்று உறிஞ்சியதும் அதுவே, நாளை உறிஞ்சுவதும் அதுவே. கலைச்சொல் ஆக்குபவர்களுக்கு இதைவிட வசதியான கருவி இல்லை என்பது என் எண்ணம். பள்ளியில் இதை ஐந்து மதிப்பெண் கேள்வியாக மட்டும் பார்த்ததில் எனக்கு இப்போது கொஞ்சம் வருத்தம்.

அதன் பிறகு என் இடுபணிக்கு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ஆங்கிலப் பெயரடை சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் தமிழ்ப் பெயரெச்சத்தை எழுதிப் பார்ப்பேன். ‘உம்’ வந்தால் பெரும்பாலும் ‘எண்ட்’ அல்லது ‘இவ்’. ‘படக்கூடிய’ வந்தால் ‘ஏபிள்’ அல்லது ‘இபிள்’. ‘பட்ட’ வந்தால் ‘எட்’. எல்லா இடத்திலும் சரிவராது. ‘சென்ஸிபிள்’ என்ற சொல் இன்று அறிவோடு நடப்பவரைக் குறிக்கிறதே தவிர உணரப்படக்கூடியதை அல்ல. எண்ணெய் லாரியில் எழுதும் ‘இன்ஃபிளேமபிள்’ எரியாதது போல ஒலித்தாலும் எரியக்கூடியது. அந்தச் சொல் ஆட்களை ஏமாற்றுகிறது என்றுதான் ‘ஃபிளேமபிள்’ என்று எழுதும் வழக்கம் பரவியது. எனவே கடைசியில் அகராதிதான் நீதிபதி. ஆனால் யார் செய்கிறார், யாருக்குச் செய்யப்படுகிறது என்ற கேள்வியைத் தமிழ் முதலிலேயே கேட்டுவிடுகிறது.

கிரீனின் கதை நல்லபடி முடிந்ததா என்றால், பாதிதான். உடல்நலம் குன்றி 1873இல் அவர் அமெரிக்கா திரும்பினார். திரும்பிய பிறகும் வேலையை விடவில்லை. தமிழ் பேச ஒருவரும் இல்லாத வூஸ்டரில் உட்கார்ந்துகொண்டு தமிழ் மருத்துவ நூல்களைத் திருத்தினார். ‘கெமிஸ்தம்’ வந்தது அவர் போன பிறகு. உடலியங்கியல் பற்றிய ‘மனுஷ சுகரணம்’ 1883இல் வந்தது. மருந்துப் பொருள்களைப் பற்றிய ‘இந்து பதார்த்த சாரம்’ 1884இல். அந்த ஆண்டு மே மாதம் அவர் இறந்தார். தமிழர்களுக்கு மருத்துவப் பணி செய்தவர் என்பதைத் தன் கல்லறையில் பொறிக்கும்படி விரும்பியிருந்தார். வூஸ்டரில் உள்ள அந்தக் கல்லில் இன்றும் அது இருக்கிறது.

மானிப்பாயில் தமிழ் வழி மருத்துவ வகுப்பு அவருக்குப் பின் நீடிக்கவில்லை. கொழும்பில் ஆங்கிலத்தில் மருத்துவப் பட்டம் கிடைக்கும்போது தமிழில் படிக்க யார் வருவார்? மருத்துவமனை மட்டும் அவர் பெயரோடு நின்றது. அந்த நூற்றாண்டின் கடைசியில் யாழ்ப்பாணத்து இளைஞர்கள் ஆங்கிலச் சான்றிதழோடு மலாயாவின் இரயில்வேக்கும் அலுவலகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் கப்பல் ஏறினார்கள். பேராக்குக்கும் நிறையப் பேர் வந்தார்கள். கிரீன் பயந்தது நடந்தது என்று சொல்லலாம். அவர்கள் பேரப்பிள்ளைகளைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்.

பாட்டிக்கு அறுவை நல்லபடி முடிந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்ததும், நூல் பிரிக்க எந்தக் கிழமை தெலுக் இந்தானுக்குப் போகவேண்டும் என்று கேட்டார். பேருந்துக் காசு, உடன் வர ஆள் என்று அவருக்கு ஆயிரம் கணக்கு. பிரிக்கத் தேவையில்லை பாட்டி, இது உடலால் உறிஞ்சப்படக்கூடிய நூல் என்று ஆரம்பித்தேன். பாட்டி என்னை ஒரு பார்வை பார்த்தார். கரையுற நூலா என்று கேட்டுவிட்டு, அதைச் சொல்ல இவ்வளவு நேரமா என்பது போல் தலையணையைச் சரிசெய்துகொண்டார்.

கரையும் நூல். செயப்பாட்டு வினையும் இல்லை, ‘கூடிய’வும் இல்லை. உடல் உறிஞ்சுகிறது என்ற பக்கத்தை விட்டுவிட்டு நூலின் பக்கம் போய் நின்றுகொண்டால் தன்வினை ஒன்றே போதுமாக இருக்கிறது. துல்லியமாகச் சொன்னால் நூல் சர்க்கரை போலக் கரைவதில்லை, உடல்தான் அதைச் சிதைத்து எடுத்துக்கொள்கிறது. தேர்வில் அப்படி எழுதினால் விரிவுரையாளர் மறுபடி வட்டமிடக்கூடும். ஆனால் பாட்டிக்கான தாளில் முதல் வரி அன்று இரவே எழுதி முடிந்தது.